கடகடவென்று வாசிக்கிறான், கேட்டால் முழிக்கிறான்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை ஓர் எழுத்து பிசகாமல் கடகடவென்று வாசிக்கிறான். புத்தகத்தை மூடிவிட்டு "என்னடா படிச்ச?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறான். ஆனால் பாடத்தின் கீழே இருக்கும் கேள்விகளுக்கு மட்டும் சரியாக விடை எழுதிவிடுகிறான். இது எப்படி?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், பல வீடுகளில் ஏமாறும் இடம் அதுதான். "டிங்கன் மோலையில் பசக்கினான்." வாசித்துவிட்டீர்களா? டிங்கன் எங்கே பசக்கினான்? மோலையில். மோலையில் பசக்கியது யார்? டிங்கன். இரண்டுக்கு இரண்டு மதிப்பெண்! மோலை என்றால் என்ன, பசக்குவது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. 'எங்கே' என்று கேட்டால் 'இல்' என்று முடியும் சொல்லைத் தேடி எடுத்து எழுதினால் போதும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், திட்டாதீர்கள்.

இன்று ராத்திரி ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும், பிறகு அவன் பேச்சிலேயே கதையைச் சொல்லட்டும். காதால் கேட்டால் புரிகிறது என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டுவதிலேயே கவனமெல்லாம் செலவாகி, வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகிறது. கேட்டும் புரியவில்லை என்றால் சொற்களும் விஷயமும் போதவில்லை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம், இதில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். உங்கள் மகனுக்குச் சிக்கல் இரண்டாவது பக்கம்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குட்டிப் பெண், இரண்டாம் வகுப்பு, "ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது" என்று வாசித்துவிட்டு முகம் வாடிப்போய், "ஆட்டை அறுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அதையே "ஆடு அத்துக்கிட்டு ஓடிருச்சு" என்று சொல்லியிருந்தால் அறுந்த கயிறு அவள் கண்முன் வந்திருக்கும். வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. பெரியவர்களுக்கு அது பழகிப்போய்விட்டதால் இந்தப் பள்ளம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் தினமும் பத்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், மூன்றாம் வகுப்பு வந்தாயிற்றே, இனி அவனே வாசிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வாசிக்கும்போது எழுத்துத் தமிழைப் பேச்சாக மாற்றாமல் உள்ளபடியே வாசியுங்கள், நிறுத்திப் பேசும்போது வீட்டுத் தமிழில் பேசுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அந்த நடை அவன் காதுக்குப் பழகிவிடும்.

அப்புறம், புத்தகத்தில் இல்லாததைக் கேளுங்கள். "அம்மா கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்தாள். கோழி கூரைக்கடியில் ஒதுங்கியது." மழை என்ற சொல்லே இதில் கிடையாது. ஏன் அவசரம் என்று கேட்டு, அவன் "மழை வரப்போகுது" என்று சொன்னால் புரிந்துதான் வாசிக்கிறான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் சுமார், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரியும் என்ற பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கிரிக்கெட்டே பார்க்காத பாட்டியிடம் "மிட் ஆஃபில் கேட்ச்" என்று வாசித்துக் காட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான். உங்கள் ஊரில் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் இருக்கின்றன, யாராவது தெரிந்தவர்கள் வழியாக ஒரு நாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். நூல், சாயம், தையல் என்று பாடத்தில் வரும்போது அவனுக்கு வாசனையோடு புரியும்.

கேள்வி: பிள்ளை இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ்க் கதை படித்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்கிறார் என் கணவர்.
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: கெடாது. யார் ஏமாந்தார்கள், ஏன் ஏமாந்தார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்து வாசிக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். புரியாத இங்கிலீஷில் மட்டும் வாசிக்க வைத்தால் மேலே சொன்ன டிங்கன் கதைதான். காசு செலவழிக்கவும் வேண்டாம்: பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், எளிதானதிலிருந்து கடினமானதுவரை படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காகப் போட்ட குட்டிப் புத்தகங்களையும் நுழை, நட, ஓடு, பற என்று படிகளாகத்தான் பிரித்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். அக்கம்பக்கத்துப் பிள்ளையிடம் இருந்தால் இரவல் வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஒரே குரங்குக் கதையைத் தினமும் வாசிக்கச் சொல்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது சார். வேறு கதைக்கு மாற்றலாமா?
(ஒரு அப்பா, நாகர்கோவில்)

பதில்: நீங்களாக மாற்றாதீர்கள். முதல் தடவை கேட்கும்போது கதையில் என்ன நடக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குப் பிடிபடும். பத்தாவது தடவைதான் குரங்கு ஏன் அப்படிச் செய்தது என்று கேட்பாள். நீங்கள் வாசித்துக்கொண்டே தூங்கிவிழுவது எனக்கும் பழக்கமான விஷயம்தான். உங்கள் அலுப்புக்கு ஒரு மருந்து சொல்கிறேன்: நடுவில் ஒரு வரியை வேண்டுமென்றே தாண்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையைப் பிடித்து நிறுத்தி, விட்ட வரியை அவளே சொல்வாள்.