சர்வர் டிஸ்க் வீட்டுக்குத் தேவையா? – கேள்வி பதில்

மழை தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி ஹார்ட் டிஸ்க் பற்றியவை. எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான்: சாதாரண டிஸ்க்கா, கம்பெனிகளின் பெரிய கம்ப்யூட்டர்களுக்காகச் செய்து ‘என்டர்பிரைஸ்’ என்று விற்கிற சர்வர் டிஸ்க்கா?

கேள்வி: குடும்பப் படங்கள் வைக்க 4 டிபி (டெராபைட்) டிஸ்க் வாங்கப் போனேன். என்டர்பிரைஸ் டிஸ்க் 25 லட்சம் மணித்தியாலம் ஓடும், அதையே எடுங்கள் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (ஆசிரியை, தலவாக்கலை)

25 லட்சத்தை வருடத்துக்கு 8,760 மணித்தியாலம் என்று வகுத்துப் பாருங்கள் டீச்சர். 285 வருடம் வரும். இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதே 1867இல்தான்! அந்த எண் ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை. ஆயிரம் டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு மூன்று நான்கு பழுதாகலாம் என்று கம்பெனி போடும் கணக்கு. அந்த மூன்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால் படங்கள் போனது போனதுதான்.

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம் 2013இல் தன் டிஸ்க்குகளை எண்ணிப் பார்த்தது. வருடத்துக்குப் பழுதானவை சாதாரண ரகத்தில் 4.2 சதவீதம், என்டர்பிரைஸில் 4.6. என்டர்பிரைஸ் டிஸ்க் அவர்களிடம் குறைவாகத்தான் இருந்தது, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் கூடுதல் விலைக்கு நிச்சயமாகக் கிடைப்பது வாரண்டிதான்: பெரும்பாலும் 2 வருடத்துக்குப் பதில் 5. வாரண்டியில் புது டிஸ்க் தருவார்கள், படங்களைத் தரமாட்டார்கள். அந்தக் காசுக்கு இரண்டாவது சாதாரண டிஸ்க் ஒன்றை வாங்கி, படங்களை அதிலும் போட்டு, அக்கா தங்கை வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

கேள்வி: கொழும்பில் பாவித்த 10 டிபி சர்வர் டிஸ்க் மலிவாகக் கிடைத்தது. கடையில் ஓடியது. வீட்டில் பூட்டினால் சுற்றவே இல்லை. ஏமாந்துவிட்டேனா அண்ணே? (மாணவர், ஹட்டன்)

அவசரப்படாதீர்கள் தம்பி. இதே காரணத்தால் நல்ல டிஸ்க் ஒன்றை ‘செத்தது’ என்று திருப்பி அனுப்பி வெட்கப்பட்டவன் நான்.

பவர் கனெக்டரில் 15 பின் இருக்கும். டேட்டா பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது பின்னில் பழைய பவர் சப்ளைகள் 3.3 வோல்ட் தரும். புதிய சர்வர் டிஸ்க்குகள் பலவற்றுக்கு அதே பின்னில் மின்சாரம் வந்தால் ‘நில்’ என்று அர்த்தம். தூரத்திலிருந்தே டிஸ்க்கை அணைத்துப் போட வைத்த வசதி அது. கடையின் பவர் சப்ளை அந்தப் பின்னில் மின்சாரம் தந்திருக்காது. உங்கள் வீட்டு பவர் சப்ளை அதைத் தரும்வரை டிஸ்க்குக்கு ‘நில்’ கட்டளைதான்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, சூடு தாங்கும் மஞ்சள் கேப்டன் டேப்பை மெல்லிசாக வெட்டி, டிஸ்க்கின் அந்த முதல் மூன்று பின்களை மட்டும் மூடுங்கள். நான்காவதை மூடிவிடக் கூடாது. டிஸ்க் எழுந்துவிடும். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றுக் கம்பியிலும் 3.3 வோல்ட் வராது, ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகம் எரிந்துபோவதுண்டு. டேப்தான் என் கட்சி.

ஓடியதும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, கெட்டுப்போன இடங்களை எண்ணிச் சொல்லும் 05, சி5 என்ற இரண்டு வரிகளில் ‘ரா வேல்யூ’ எண்ணைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இல்லையென்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: நுவரெலியாவின் உயரமும் குளிரும் டிஸ்க்கைக் கெடுக்குமா?

டிஸ்க்கைப் படிக்கும் தலை காற்று மெத்தையில் மிதக்கிறது, அதனால் உயரத்துக்கு ஒரு எல்லை உண்டு: வழக்கமாக 3,048 மீட்டர். நுவரெலியா 1,868, பிதுருதலாகல உச்சியே 2,524. கவலை வேண்டாம். குளிரில்தான் சர்வர் டிஸ்க் கொஞ்சம் நோஞ்சான். பலவற்றுக்குக் குறைந்தது 5 பாகை வேண்டும், சாதாரண டிஸ்க் பல 0 வரை தாங்கும். பனி விழும் ஜனவரி காலையில் பஸ்ஸில் கொண்டுவந்த டிஸ்க்கை உடனே பூட்டாமல், உள்ளே ஈரம் படிந்திருந்தால் காயட்டும் என்று ஒரு மணித்தியாலம் விடுங்கள். அப்புறம், சர்வர் டிஸ்க் போடுகிற கரகர சத்தம். ஒரே அறையில் குழந்தையும் தூங்குகிற லயத்து வீட்டில் அதுவே பெரிய குறை.

கேள்வி: ஸ்டூடியோவுக்கு நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாரும் பாவிக்கும் டிஸ்க் பெட்டி) வாங்குகிறேன். சாதாரண டிஸ்க் போடலாமா? (பண்டாரவளை)

இங்கே மட்டும் வேண்டாம் என்பேன். படிக்க முடியாத இடம் வந்தால் சாதாரண டிஸ்க் விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். நாஸ் ரகமும் சர்வர் ரகமும் ஏழு விநாடியளவில் கைவிட்டுத் தகவல் சொல்லும். தகவல் வராவிட்டால் நல்ல டிஸ்க்கையே செத்ததாக எண்ணி, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த ‘ரெய்டு’ அமைப்பிலிருந்து கழற்றிவிடும் பெட்டிகள் உண்டு. தடங்களை ஓடு அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் ரகத்தையும் தவிருங்கள். பழுதான டிஸ்க்கை மாற்றியபின் ரெய்டை மறுபடி கட்ட அது நாள்கணக்கில் இழுக்கும். பெட்டியில் ‘நாஸ்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது 2020இல் தெரியவந்து பெரிய சண்டையே நடந்தது. மாடல் எண்ணைப் பார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் ரகம் என்று உறுதி செய்யுங்கள்.

வருடத்துக்கு 550 டிபி எழுதவும் படிக்கவும் தாங்கும் சர்வர் டிஸ்க் கல்யாண வீடியோவுக்கு அதிகப்படி. 180 டிபி நாஸ் ரகமே தாராளம்.

கேள்வி: அடிக்கடி கரண்ட் போகிறது. சர்வர் டிஸ்க் தாங்குமா? (மஸ்கெலியா)

தாங்காது. யூபிஎஸ் வாங்குங்கள். ஏப்ரல் இடி மழையில் அதையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் கம்பியையும் சேர்த்து.