காலேஜ் லேப் சர்வரில் 180 பேருக்கு லாகின் போட ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். உபுண்டு சர்வர் ஒன்று, 180 மாணவர்கள், டிபார்ட்மெண்டுக்கு ஒரு குரூப். எல்லாவற்றையும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் செய்ய வேண்டும் என்கிறார்.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் இதே வேலையைச் செய்தவன் நான். இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்களுக்குப் பதில் ஊழியர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கவுண்ட் போடும் பகுதி பத்து வரியில் முடிந்துவிடும். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த மாணவர் லிஸ்ட்) வரி வரியாகப் படிக்கும் ஒரு வைல் லூப், உள்ளே அக்கவுண்ட் உருவாக்கும் யூசர்ஆட் கமாண்ட், அதன் பிறகு பாஸ்வேர்ட் போட சிஹெச் பாஸ்வேர்ட் கமாண்ட். உபுண்டுவில் யூசர்ஆட்டுக்கு ஹைஃபன் எம் கொடுக்காவிட்டால் ஹோம் டைரக்டரி (அவருடைய ஃபைல்கள் இருக்கும் இடம்) உருவாகாது. ரெட்ஹேட் என்ற இன்னொரு லினக்ஸில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே அது தானாகவே உருவாகும். ஆட்யூசர் என்று இன்னொரு கமாண்ட் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். டெபியன், உபுண்டுவில் அது கேள்வி கேட்டுக் கேட்டு வேலை செய்கிற வேறொரு ஸ்கிரிப்ட்; ரெட்ஹேட்டில் யூசர்ஆட்டுக்கே இன்னொரு பெயர். ஸ்கிரிப்ட்டுக்கு யூசர்ஆட் போதும்.

நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இரண்டாவது முறை ஓட்டும்போது என்ன நடக்கும் என்பதைத்தான். லிஸ்ட் ஒரே தடவையில் வந்து முடியாது. டிப்ளமோ முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் மூன்றாம் செமஸ்டரில் வருவார்கள், ஒருவர் டிபார்ட்மெண்ட் மாறுவார், ஒருவர் டிஸ்கன்டினியூ செய்துவிட்டு அடுத்த வருடம் திரும்புவார். ஆபீஸிலிருந்து ஒவ்வொரு முறையும் முழு லிஸ்ட்டாகத்தான் அனுப்புவார்கள். அதை அப்படியே ஓட்டினால் புதியவர்கள் மட்டும் சேர வேண்டும், இருப்பவர்கள் மேல் கை படக்கூடாது. பாதி செமஸ்டரில் எல்லோருடைய பாஸ்வேர்டும் மாறிப்போய், லேப் வாசலில் அறுபது பேர் நிற்பதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா என்று பார்க்க, பலர் அக்கவுண்ட் பட்டியல் இருக்கும் இடிசி பாஸ்வேர்ட் ஃபைலில் கிரெப் போட்டுத் தேடுகிறார்கள். கார்த்தி என்று தேடினால் கார்த்திக், கார்த்திகேயன் எல்லோரும் வந்து நிற்பார்கள். கார்த்தி என்பவருக்கு அக்கவுண்ட்டே இருக்காது, ஆனால் 'இருக்கிறார்' என்று ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்விடும். கெட்என்ட் பாஸ்வேர்ட் என்று எழுதிப் பக்கத்தில் பெயரைக் கொடுங்கள். அது முழுப் பெயரைத்தான் ஒப்பிடும், நாளைக்கே எல்டாப்புக்கு (அக்கவுண்ட்டுகளை ஒரே இடத்தில் வைக்கும் முறை) மாறினாலும் வேலை செய்யும். யூசர்ஆட் திரும்பத் தரும் எண்ணையும் கவனியுங்கள்: 9 வந்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். குரூப்புக்கு குரூப்ஆட் ஹைஃபன் எஃப் போட்டால், இருந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் சரி என்று திரும்பிவிடும்.

பெயர் வைப்பது நம் ஊரில் தனிப் பிரச்சினை. வெளிநாட்டு வழிகாட்டிகளில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று சேர்க்கச் சொல்வார்கள். நமக்கு இருப்பது இனிஷியல். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியலாகவும் இருக்கும். ஆகவே ரிஜிஸ்டர் நம்பர்தான் நம்பகமானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் நம்பர் 12 இலக்கம்: முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று பாடப்பிரிவு (கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 104), கடைசி மூன்று வரிசை எண். இதை அப்படியே லாகின் பெயராக்காதீர்கள். வெறும் எண்ணாலான பெயரைப் பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டாலும் பெயரா, யூசர் ஐடியா என்ற குழப்பம் பல கமாண்டுகளில் வரும். சிஎஸ்23001 என்பதுபோல எழுத்தில் தொடங்கட்டும், எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

அந்த 12 இலக்கம் எக்செலில் இன்னொரு வேலை செய்யும். ஜெனரல் ஃபார்மட்டில் இருக்கும் கட்டத்தில் 12 இலக்க எண்ணை எக்செல் 3.11 என்று ஆரம்பித்து நடுவில் ஈ போட்டுச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கம்தான் ஃபைலுக்குள் போகும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். டைப் செய்யும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கச் சொல்லி ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்செல் பற்றிப் பேசுவதால், எனக்கு ஒரு மணி நேரம் தின்ற விஷயத்தையும் சொல்கிறேன். செமஸ்டர் தொடங்கிய வாரம். சிஎஸ்இ3 என்று குரூப் உருவாக்கிவிட்டேன், கெட்என்ட் குரூப் போட்டால் அழகாகக் காட்டுகிறது. ஆனால் யூசர்ஆட் அந்த வகுப்பில் ஒருவரையும் சேர்க்க மறுக்கிறது. திரையில் வந்த வரி வினோதமாக இருந்தது. யூசர்ஆட் என்ற பெயரே காணோம். வரி ஒரு ஒற்றை மேற்கோள் குறியில் தொடங்குகிறது, பிறகு 'டஸ் நாட் எக்சிஸ்ட்', அது முடிந்த இடத்தில் இடைவெளி இல்லாமல் சிஎஸ்இ3 ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டெர்மினல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூடித் திறந்தேன். அதே வரிதான்.

விண்டோஸில் சேமித்த ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கும். குரூப் என் ஃபைலில் கடைசி நெடுவரிசை. அதனால் ஸ்கிரிப்ட் கேட்டது சிஎஸ்இ3 என்ற குரூப்பை அல்ல, சிஎஸ்இ3 உடன் அந்த எழுத்தும் சேர்ந்த குரூப்பை. அது நிஜமாகவே இல்லை. பிழைச் செய்தியை அச்சிடும்போது அந்த எழுத்து கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளிவிட, மீதிச் செய்தி முன்பகுதியின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது. கேட் கமாண்டுக்கு ஹைஃபன் பெரிய ஏ கொடுத்தால், டாலர் குறிக்கு முன்னால் தொப்பிக் குறியும் எம்மும் தெரியும். டாஸ்டுயூனிக்ஸ் கமாண்டை ஓட்டினால் சரியாகிவிடும். இப்போதெல்லாம் என் ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையே அதுதான்.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு. முதல் மாணவர் மட்டும் தோற்றால், ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது. கடைசி மாணவர் மட்டும் விடுபட்டால், கடைசி வரிக்கு என்டர் தட்டாமல் சேமித்திருக்கிறார்கள். ரீட் கமாண்ட் அதைப் படித்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்வதால் லூப் அவரைத் தொடாமலே நின்றுவிடும்.

குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் ஹைஃபன் ஏ, பெரிய ஜி. அந்தச் சின்ன ஏ ஒருபோதும் விடுபடக் கூடாது. அது இல்லையென்றால், கொடுத்த குரூப்பில் சேர்ப்பதோடு அவர் இருந்த மற்ற துணைக் குரூப்புகள் அனைத்திலிருந்தும் நீக்கிவிடும். என்னையே டாக்கர் குரூப்பில் சேர்க்கப் போய் அந்த ஏ இல்லாமல் அடித்தேன், ரூட்டாக (முழு நிர்வாகியாக) கமாண்ட் ஓட்ட அனுமதிக்கும் சூடோ குரூப் போய்விட்டது. அன்று தெரியவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் பழைய குரூப்புகளோடுதான் ஓடும். மறுநாள் காலை லாகின் செய்தபோதுதான் சூடோ மறுத்தது. உபுண்டுவில் ரூட்டுக்கு பாஸ்வேர்டும் இருக்காது. சர்வர் ரூமுக்குப் போய், மானிட்டரை மாட்டி, ரிக்கவரி மோடில் ஏற்றித்தான் சரிசெய்ய முடிந்தது. அதன் பிறகு, குரூப் மாற்றும் நாளில் ரூட்டாக இன்னொரு டெர்மினலைத் திறந்தே வைத்திருப்பேன். ஜி பாஸ்வேர்ட் ஹைஃபன் ஏ பயன்படுத்தினால் இந்த ஆபத்தே இல்லை. மாணவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: புதிய குரூப் வேலை செய்ய லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும். இன்னொன்று, மாணவர்களை டாக்கர் குரூப்பில் போடாதீர்கள். அது ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம்.

லேப் மெஷின்கள் எல்லாம் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் டைரக்டரியைப் பகிரும் முறை) வழியாக ஒரே ஹோமைப் பகிர்ந்தால், யூசர் ஐடி எண்ணை லிஸ்ட்டிலேயே ஒரு நெடுவரிசையாக வைத்து ஹைஃபன் யூ மூலம் நீங்களே கொடுங்கள். ஃபைலில் உரிமையாளராகப் பதிவாவது எண், பெயர் அல்ல. வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில், இரண்டு மெஷினில் ஒரே எண் இரண்டு பேருக்குப் போனால் ஒருவரின் ரெக்கார்டு புரோகிராமை இன்னொருவர் அழிக்க முடியும். 20000-க்கு மேல், 60000-க்குள் எடுத்துக்கொண்டால் மற்றவற்றோடு மோதாது.

முதல் பாஸ்வேர்டாகப் பிறந்த தேதியைக் கொடுக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுத்திருப்பார்கள், அத்தனை பேருக்கும் தேதி தெரியும். ஆளுக்கொன்றாக ஓபன்எஸ்எஸ்எல் ரேண்ட் வைத்து உருவாக்குங்கள். யூசர்ஆட்டின் ஹைஃபன் பி-யில் அதைக் கொடுக்க முடியாது. அது எதிர்பார்ப்பது ஹேஷ், அதாவது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம். நேரடி பாஸ்வேர்டைக் கொடுத்தால் அது அப்படியே, ஹேஷ்களைச் சேமிக்கும் ஷேடோ ஃபைலில் போய் உட்காரும், லாகினும் ஆகாது. கமாண்ட் வரியில் எழுதியதை, ஓடும் அந்தக் கணத்தில் பிஎஸ் கமாண்ட் போட்டு மற்றவர்கள் பார்க்கவும் முடியும். பெயர், கோலன், பாஸ்வேர்ட் என்று பைப் வழியாக சிஹெச் பாஸ்வேர்டுக்கு அனுப்புங்கள். பிறகு சேஜ் கமாண்ட், ஹைஃபன் டி 0: முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லும். துண்டுச் சீட்டில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது.

இனி நீக்குவது. மே மாதம் ஃபைனல் இயர் வெளியேறியதும் ஹோமோடு சேர்த்து அக்கவுண்ட்டை அழிக்கும் யூசர்டெல் ஹைஃபன் ஆர் அடித்துவிடத் தோன்றும். பிராக்டிகல் அரியர் வைத்திருப்பவர் நவம்பரில் திரும்பி வருவார், அவருடைய புரோகிராம்கள் அந்த ஹோமில்தான் இருக்கும். ஆகவே முதலில் காலாவதி: சேஜ் ஹைஃபன் பெரிய ஈ 1. பாஸ்வேர்டைப் பூட்டும் பாஸ்வேர்ட் ஹைஃபன் எல் கமாண்ட் போதாது. அது ஷேடோவில் ஹேஷுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போடுவதோடு சரி, பாஸ்வேர்ட் இல்லாமல் லாகின் செய்ய எஸ்எஸ்ஹெச் கீ வைத்திருப்பவர் தாராளமாக உள்ளே வருவார். ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய புராசஸ்களை பிகில் ஹைஃபன் யூ மூலம் நிறுத்துங்கள். ஒரு வருடம் கழித்து ஹோமை டார் போட்டு எடுத்து வைத்த பிறகுதான் யூசர்டெல்.

நீக்கும் ஸ்கிரிப்ட்டில் பெயர் காலியா என்று முதல் வரியிலேயே சோதித்துவிடுங்கள். லிஸ்ட்டில் ஒரு வெற்று வரி இருந்தால், ஹோமுக்குப் பின்னால் வர வேண்டிய பெயர் இல்லாமல் ஆர்எம் கமாண்ட் ஹோம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எந்த ஸ்கிரிப்ட்டாக இருந்தாலும் நான் முதலில் ஒவ்வொரு கமாண்டுக்கு முன்னாலும் எக்கோ போட்டு ஓட்டி, வருவதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எக்கோவை எடுப்பேன்.

ஆள் போன பிறகும் டெம்ப், ப்ராஜெக்ட் டைரக்டரிகளில் அவருடைய ஃபைல்கள் மிஞ்சியிருக்கும், உரிமையாளர் இடத்தில் வெறும் எண் தெரியும். எண்ணைக் குறிப்பிடாமல் அக்கவுண்ட் போட்டால், இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்ததைத்தான் யூசர்ஆட் எடுக்கும். கடைசியாகச் சேர்ந்தவரை நீக்கிவிட்டு இன்னொருவரைச் சேர்த்தால், அதே எண் புதியவருக்குப் போகும், பழையவரின் ஃபைல்களும் அவருடையதாகிவிடும். ஃபைண்ட் கமாண்டில் ஹைஃபன் நோயூசர் கொடுத்து இப்படி மிஞ்சியவற்றைத் தேடி, புது பேட்ச் லிஸ்ட்டை ஓட்டுவதற்கு முன்பே ரூட் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.