வீட்டு சர்வருக்கு எந்தப் பதிப்பு?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். 4 ஜிபி நினைவகமும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கும் உள்ள பழைய கணினியை வீட்டு சர்வராக்க விரும்புகிறேன். குடும்பப் புகைப்படங்களையும் அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கணக்கையும் அதில் வைக்க வேண்டும். சர்வர் நிர்வாகமும் பழக வேண்டும். கல்லூரி வழியாக மாணவர் உரிமத்தில் விண்டோஸ் சர்வர் 2022 இலவசமாகக் கிடைக்கிறது. டேட்டாசென்டர் பதிப்பையே போடச் சொல்கிறார்கள் சீனியர்கள். போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இலவசமாகக் கிடைக்கும்போது பெரியதையே எடுத்துக்கொள்ளத் தோன்றுவது இயல்புதான். ஆனால் டேட்டாசென்டரின் பெருமை உங்கள் கணினியில் வெளிப்பட வழியே இல்லை. அதைவிடச் சிறிய பதிப்பான ஸ்டாண்டர்டின் உரிமம் இரண்டு மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகளை) அனுமதிக்கிறது. டேட்டாசென்டருக்கு அந்த வரம்பு கிடையாது என்பதோடு, பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக்கும் வசதியும் அதில் உண்டு. 4 ஜிபி நினைவகத்தில் ஒரு மெய்நிகர் கணினியே மூச்சு வாங்கும். பின்னால் தேவைப்பட்டால் ஸ்டாண்டர்டை அப்படியே டேட்டாசென்டராக உயர்த்திக்கொள்ளலாம். மேலிருந்து கீழே இறங்கத்தான் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

நிறுவும்போது திரையில் நான்கு வரிகள் வரும். இரண்டு பதிப்புகளும் 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' உள்ளதும் இல்லாததுமாக இருக்கும். பதிப்பைவிட இந்தத் தேர்வே முக்கியமானது. ஏனெனில் நிறுவிய பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியாது. அந்தச் சொல் இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான டெஸ்க்டாப் இராது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரைதான் கிடைக்கும். நினைவகம் குறைவான கணினிக்கு அதுவே பொருத்தம், கற்பதற்கும் நல்லது.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்திருக்கும் கடைக் கணக்குதான் இந்தத் தேர்வையே மாற்றுகிறது. மாணவர் உரிமம் கற்றலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே. அப்பாவின் வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்துவது விதிமீறல். எவரும் பெறக்கூடிய 180 நாள் சோதனைப் பதிப்பும் இதற்கு உதவாது. கெடு முடிந்ததும் அது மணிக்கொரு முறை தானாக நின்றுவிடும்.

ஆகவே அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளங்களான டெபியன் 13 அல்லது உபுண்டு சர்வர் 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ள வெளியீடு) போடுங்கள் என்பதே என் கருத்து. இரண்டும் இலவசம், கடைக்கும் தடையில்லை. உபுண்டுவிலும் பதிப்புக் குழப்பம் உண்டு. எல்டிஎஸ் என்ற அடையாளம் இல்லாத வெளியீடுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 9 மாதங்களுக்கு மட்டுமே வரும். 2024 ஏப்ரலில் வந்த 24.04 எல்டிஎஸ்ஸுக்கோ 2029 வரை வரும். புதிய எண் என்பதற்காக இடைக்கால வெளியீட்டை எடுத்தால், பரீட்சை நேரத்தில் மறுபடி மேம்படுத்திக்கொண்டிருப்பீர்கள். கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளை நிறுவிவிட்டால், வீட்டிலுள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அந்த சர்வர் சாதாரண ஃபோல்டராகத் தெரியும். கணக்கு டேலியில் இருந்தால் அது கடைக் கணினியிலேயே இருக்கட்டும். இரவுதோறும் அதன் பிரதி சர்வருக்கு வந்து சேர்ந்தால் போதும். ஒரே ஹார்ட் டிஸ்கை நம்ப வேண்டாம், வாரம் ஒருமுறை வெளிப்புற வட்டிலும் பிரதி எடுங்கள். இன்னொன்று: சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

விண்டோஸ் சர்வரைக் கைவிடச் சொல்லவில்லை. உங்களிடம் மடிக்கணினி இருந்து, அதில் 8 ஜிபியாவது நினைவகம் இருந்தால், மாணவர் உரிமத்தைக் கொண்டு அதிலேயே ஒரு மெய்நிகர் கணினியாக ஸ்டாண்டர்டை நிறுவிப் பழகுங்கள். அங்கே எதைக் கெடுத்தாலும் அப்பாவின் கணக்கு கெடாது.

கேள்வி: என் மகன் பழைய கணினியை 'சர்வர்' என்று சொல்லி இரவும் பகலும் ஓட விடுகிறான். மின் கட்டணம் எகிறிவிடாதா? வேறு இயங்குதளம் போட்டால் குறையுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் கணினி என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட் ஆகும். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடும். இயங்குதளத்தை மாற்றுவதால் இது பெரிதாகக் குறையாது. கணினியைத்தான் மாற்ற வேண்டும். 10 வாட்டுக்குள் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி என்றால் அதே இரண்டு மாதங்களுக்கு 15 யூனிட்டைத் தாண்டாது. அதில் விண்டோஸ் சர்வர் போட வழியில்லை. உபுண்டு சர்வரை நிறுவிக்கொள்ளலாம்.