ஹூக் பார்த்தது செல்லையா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ராபர்ட் ஹூக் 1665-இல் செல்லைக் கண்டுபிடித்தார் என்று அவள் படித்த குறிப்பில் இருக்கிறது. எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை என்ற செல் கொள்கையை ஷ்லெய்டனும் ஷ்வானும் 1838, 1839 ஆண்டுகளில் முன்வைத்தார்கள் என்று அடுத்த பத்தியிலேயே வருகிறது. “கண்டுபிடித்துவிட்டு நூற்றெழுபது வருஷம் என்ன செய்தார்கள்?” என்று கேட்கிறாள். நல்ல நுண்ணோக்கி இல்லாததுதான் காரணமா? செல்லைச் சுற்றிச் சவ்வு என்று ஒரு கோடு போடச் சொல்கிறார்களே, அதை முதலில் பார்த்தவர் யார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லை ஹூக்குக்குக் கொடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஹூக்கின் கவனம் உயிரின் மீது இல்லை, தக்கையின் மீது இருந்தது. தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அழுத்தினால் ஒடுங்கி விட்டதும் ஏன் பழையபடி விரிகிறது என்பவையே அவருடைய கேள்விகள். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி போலத் தீட்டி, தக்கையிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். அது வெண்மையாக இருந்ததால் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, கண்ணாடி வில்லையால் ஒளியைக் குவித்துப் பார்த்தார். தேனடை போலக் குட்டிக் குட்டி அறைகள் தெரிந்தன. அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் அறுபது அறைகள் வரிசையாக நிற்பதை எண்ணி, ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம் அறைகள் என்று கணக்கிட்டார். இத்தனை அறைகளிலும் காற்று அடைபட்டிருப்பதால்தான் தக்கை மிதக்கிறது என்று அவர் சொன்ன விடை சரியானது. அவருடைய கேள்வி அதோடு தீர்ந்துவிட்டது.

அந்த அறைகள் காலியானவை. தக்கை மரப்பட்டையின் இறந்த பகுதி. உயிர்ப்பொருள் மறைந்தபின் மிஞ்சிய செல் சுவர்களையே அவர் பார்த்தார். பச்சைத் தாவரங்களில் இதே அறைகள் சாற்றால் நிரம்பியிருப்பதையும் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற தம் நூலில் அவர் எழுதத்தான் செய்தார். ஆனால் அந்தச் சாற்றை அறைகளுக்குள் ஓடும் திரவம் என்று கருதி, நம் ரத்தக் குழாய்களில் இருப்பது போல ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வழியோ அடைப்பிதழோ இருக்கிறதா என்று தேடினார். சுவர் கட்டடமாகவும் சாறு அதில் ஓடும் நீராகவும் அவருக்குப் பட்டன. உண்மையில் சாறு என்று அவர் ஒதுக்கிய அதில்தான் உயிர் இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் யாரும் சும்மா இருக்கவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹுக், ஒற்றை வில்லைக் கருவியால் 1674-இல் ஏரித் தண்ணீரிலும் 1676-இல் மிளகு ஊறவைத்த நீரிலும் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்காக 1677-இல் அதைச் சோதித்து உறுதி செய்தவர் அதே ஹூக். தக்கையின் அறையும் மிளகு நீரில் நெளியும் உயிரும் ஒரே வகைப் பொருள் என்ற எண்ணம் மட்டும் அவர்கள் இருவருக்குமே வரவில்லை. வருவதற்குக் காரணமும் அன்று இல்லை.

நுண்ணோக்கியின் குறை பற்றி நீங்கள் கேட்டது பாதி சரி. பல வில்லைகள் கொண்ட பழைய கருவிகளில் பொருளின் விளிம்பெல்லாம் வண்ணம் சிதறிக் கலங்கித் தெரியும். திசு எதைப் பார்த்தாலும் உருண்டை உருண்டையாக இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை வில்லையின் பிழையால் வந்த பொய்த் தோற்றங்கள் என்று ஜோசப் ஜாக்சன் லிஸ்டரும் தாமஸ் ஹாட்கினும் 1827-இல் காட்டினார்கள். வில்லைகள் தேறியபின் வேகம் கூடியது. 1831-இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செல்களில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தெரியும் சிறு உருண்டையான உட்கருவைச் சுட்டிக்காட்டினார். பின்னர், தாவரங்களை ஆராய்ந்த ஷ்லெய்டன் ஒரு விருந்தின்போது உட்கருவைப் பற்றிப் பேச, விலங்குகளை ஆராய்ந்த ஷ்வானுக்குத் தாம் முதுகுநாண் (கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) செல்களில் அதே உருவைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தாவரத்தையும் விலங்கையும் சேர்த்த பாலம் உட்கருதான், சுவர் அல்ல. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது.

ஆனால் 1839-லும் கதை முடியவில்லை. செல் எங்கிருந்து வருகிறது என்பதில் இருவருமே தவறினார்கள். உப்புக் கரைசலில் படிகம் திரள்வது போலச் செல் புதிதாகத் திரள்கிறது என்று நம்பினார்கள். அதை மறுத்து, செல் பிரிந்தே செல் உண்டாகிறது என்று 1852-இல் வாதிட்டவர் ராபர்ட் ரெமாக். கோழிக் கருவின் ரத்தச் செல்கள் இரண்டாகப் பிரிவதை அவர் முன்பே பார்த்திருந்தார். யூதர் என்பதால் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. ‘எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே’ என்ற வாசகத்தை 1855-இல் பரப்பிய விர்ஷோவின் பெயரே பாடங்களில் நிற்கிறது. செல்லைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியலை என்னிடம் விட்டால் ரெமாக்கை ஹூக்குக்கு மேலே வைப்பேன்.

இனி சவ்வு, அதாவது சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாச் செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறை. அதைப் பார்ப்பதற்கு முன்பே அதன் அமைப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டலும் 1925-இல், ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, தண்ணீர்ப் பரப்பில் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தை அது அடைத்தது. ஆகவே சவ்வு இரண்டடுக்கு என்றார்கள். அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் விடை சரியாக அமைந்தது என்பது பின்னால் தெரிந்த வேடிக்கை. சாதாரண நுண்ணோக்கியில் சவ்வின் குறுக்குவெட்டைப் பார்க்கவே முடியாது. அது ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர் தடிமன்தான் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). ஒளியைக் கொண்டு 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்தறிவது கடினம். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அது இரண்டு கரிய கோடுகளாகவும் நடுவில் ஒரு வெளிர் கோடாகவும் தெளிவாகத் தெரிந்தது.

உங்கள் மகள் 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு செல்லை 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அதாவது பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கி வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அவளுடைய பென்சில் கோடு அதைவிடப் பல மடங்கு தடித்திருக்கும்.