ஆமைக்குஞ்சுக்கு 'வாசனை' பொருந்துமா?

உங்கள் விலங்கியல் கட்டுரையில் 'ஆமைக்குஞ்சுகள் பூர்வ வாசனையால் கடலை நோக்கி ஓடுகின்றன' என்ற வாக்கியத்தை ஆசிரியர் அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் மீது கோபம் வேண்டாம். அப்படி எழுதினால், குஞ்சுகள் கடலை மோப்பம் பிடித்துப் போவதாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். உண்மையில் குஞ்சுகளை முக்கியமாக இழுப்பது இரவில் கடல் பக்கம் தெரியும் வெளிச்சம். சென்னைக் கரையில் தெருவிளக்கைக் கண்டு அவை சாலைப் பக்கம் திரும்பிவிடுவதும் அதனால்தான். யாரும் கற்றுக்கொடுக்காமல் பிறப்போடு வரும் இந்தத் தூண்டுதலுக்கு 'இயல்பூக்கம்' என்பதே சரியான சொல்.

ஆனால் 'வாசனை' எனக்கு மிகவும் பிடித்த சொல். எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை மூன்று முறை கழுவி வெயிலில் காயவைத்த பிறகும், மூடியைத் திறந்தால் மணம் மூக்கில் ஏறுகிறது. பொருள் போய்விட்டது, படிவு போகவில்லை. முன்வினைகள் மனத்தில் விட்டுச்செல்லும் இப்படியொரு படிவைத்தான் வேதாந்திகளும் பௌத்தர்களும் வாசனை என்றார்கள். மறுபிறப்பு நம்பிக்கை அதில் ஒட்டிக்கொண்டே வரும். விலங்கியல் கட்டுரையில் அது இடறும். 'எழுத்து வாசனை அறியாதவர்' என்னும்போது மட்டும் பிறவிப் பேச்சு விலகி, சிறு பரிச்சயம் என்ற பொருளே நிற்கிறது.

மனிதர்களைப் பற்றியென்றால் 'பிறவிக்குணம்' இருக்கிறது. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று தொடங்கும் ஔவையார் தனிப்பாடல், கல்வியைப் பழக்கத்தில் சேர்த்துவிட்டு நட்பு, தயை, கொடை மூன்றையும் பிறவிக்குணம் என்கிறது. எத்தனை நுட்பமான பிரிப்பு! 'சுபாவம்' இன்னும் இலேசானது, ஒருவரின் அன்றாட இயல்பைச் சொல்லப் போதும்.

'இயல்பூக்கத்தால்' என்று மாற்றி அனுப்புங்கள். 'பூர்வ வாசனை'யைக் கதை எழுதும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.