மறுபக்கத்தைப் போடுங்கள்: ரெகே, டப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ரெகே என்ற ஜமைக்கா இசையின் தட்டுகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்கள் பாதிப் பேர். எதற்காகத் தொடங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் மீதிப் பேர். இரு தரப்புக்கும் இந்த இதழில் இடம் உண்டு.

கேள்வி: ஐயா, பாப் மார்லியைக் கேட்டு முடித்துவிட்டேன். அடுத்து யார்?

பதில்: முடித்துவிட்டீர்களா? 1973-இல் வந்த ‘கேட்ச் எ ஃபயர்’ இசைத்தட்டை இரண்டு வடிவங்களிலும் கேட்டீர்களா? கிங்ஸ்டனில் பதிவான நாடாக்கள் லண்டனுக்குப் போனபோது, ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் ராக் ரசிகர்களை மனத்தில் வைத்து அவற்றில் மேல்பூச்சு பூசினார். வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் கித்தாரும் ஜான் பண்ட்ரிக்கின் கீபோர்டும் அப்படி ஏறியவை. உலகம் முதலில் கேட்டது அந்த வடிவத்தைத்தான். பூச்சு இல்லாத ஜமைக்கா வடிவம் 2001-இல் வந்த இரட்டைப் பதிப்பில்தான் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே பாட்டு, ஒரே குரல். ஆனால் ஒலிகளை ஏற்றி இறக்கிச் சேர்க்கும் கலவைப் பலகையில் உட்கார்ந்தவர் மாறினால் எல்லாம் மாறிவிடுகிறது. இது காதில் ஏறிவிட்டால், அடுத்து யார் என்ற கேள்வியை நீங்கள் வேறு மாதிரி கேட்பீர்கள். அட்டையில் பாடகர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் தயாரிப்பாளரின் பெயரும் ஒலிப்பதிவுப் பொறியாளரின் பெயரும் இருக்கும். நான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

பாடகர் பெயரே வேண்டும் என்றால் பர்னிங் ஸ்பியர். கறுப்பின உரிமைத் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கி 1975-இல் வந்த ‘மார்கஸ் கார்வி’. அடுத்த ஆண்டே அதற்கு டப் வடிவமாக, அதாவது குரலைப் பெரும்பாலும் கழற்றி மறுபடி கலந்த வடிவமாக, ‘கார்வீஸ் கோஸ்ட்’ வந்தது. கார்வியின் ஆவி! டப் இசைத்தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆளைச் சந்தியுங்கள். ஆவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டப் என்று நீங்கள் புகழ்ந்ததைக் கேட்டேன். பாடகர் வராத நாளில் பதிவு செய்தது போலிருக்கிறது. இதையும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களா?

பதில்: பாடகர் வந்தார், பாடினார். அதற்குப் பிறகுதான் அவரைக் கழற்றினார்கள்.

பனி லீ என்ற தயாரிப்பாளர் இதன் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. 1960-களின் பிற்பகுதி. ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட், சவுண்ட் சிஸ்டம் நடத்துகிறவர். அதாவது ஆள் உயர ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டு போட்டு, ஊரை ஆடவைப்பவர். டியூக் ரீட்டின் டிரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாராகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாடலை அவருக்காக ஒரு தட்டில் வெட்டும்போது, பொறியாளர் குரல் தடத்தைத் திறக்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதைத் தூக்கி எறியவில்லை. அன்றிரவு முதலில் பாட்டைப் போட்டார், அடுத்து குரல் இல்லாததைப் போட்டார். விட்டுப்போன குரலைக் கூட்டமே பாடி நிரப்பியது. பிறகு அதுவே வழக்கமானது. 45 சுழற்சித் தட்டின் முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் ‘வெர்ஷன்’. அந்தக் காலியிடத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியே புகழ்பெற்றவர் யு-ராய்.

இது வரை குரலை எடுத்துவிட்ட பாட்டுதான். உங்கள் குறை நியாயம். அதை வேறொன்றாக மாற்றியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், டிராமிலி அவென்யூவில் உள்ள வீடே அவர் கூடம். ஒரு முழு வாத்தியக் குழு உட்கார அங்கே இடம் கிடையாது. குளியலறைதான் பாடகர் நிற்கும் அறை. ஆகவே தயாரிப்பாளர்கள் வேறு கூடங்களில் பதிந்த நாடாக்களை அவரிடம் கொண்டுவருவார்கள். டைனமிக் கூடம் கழித்துவிட்ட எம்.சி.ஐ. கலவைப் பலகை ஒன்று அவரிடம் இருந்தது. நாடாவில் இருப்பது நான்கே தடங்கள். டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று, கித்தாரும் ஆர்கனும் ஒன்று, குரல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் நாடா ஓடும்போதே விரலால் ஏற்றி இறக்குவார். கித்தாரைச் சட்டென்று அறுப்பார். அறுந்த அந்தக் கடைசித் துணுக்கு மட்டும் எதிரொலிக் கருவிக்குள் போய்ச் சுழன்று சுழன்று தேயும். பலகையில் பெரிய குமிழ் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் ஒலியின் அடிப்பகுதி படிப்படியாக உதிர்ந்து, டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு மட்டும் சீறிக்கொண்டு மிஞ்சும். ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் ரிவெர்ப் கருவியின் உள்ளே இருப்பது சுருள்கம்பி. கருவியைத் தட்டினால் இடி இடிக்கும். அதையும் தாளத்தோடு தட்டினார்! நாம் தட்டில் கேட்பது அந்த ஒரு முறை நாடா ஓடியபோது அவர் விரல்கள் எடுத்த முடிவுகளை. மறுமுறை கலந்தால் வேறு மாதிரி வரும்.

ஒரே ஒரு பரீட்சை. ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’வைக் கேளுங்கள். அழகான, கொஞ்சம் அழுமூஞ்சியான காதல் பாட்டு. தயாரித்தவர் அகஸ்டஸ் பாப்லோ. அது நெஞ்சில் நின்ற பிறகு அதன் மறுபக்கமான ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ கேளுங்கள். மில்லரின் குரல் முதல் சொல்லிலேயே உடைந்து காற்றில் போகும். கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ் இருந்த இடத்தை விட்டு உருண்டோடித் திரும்பிவரும். பாப்லோ வாயால் ஊதும் மெலோடிகா தொலைவிலிருந்து வரும். பாட்டைத் தெரிந்தவருக்குத்தான் எது காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். டப்பின் சுவையில் பாதி அந்தத் தெரிதலில் இருக்கிறது. நீங்கள் மறுபக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கேள்வி: கஞ்சா இல்லாமல் ரெகேயை ரசிக்க முடியாது என்கிறான் என் நண்பன். உண்மையா?

பதில்: பொய். நல்ல ஹெட்போன் இல்லாமல் ரசிப்பதுதான் கடினம்.

கேள்வி: ஒலி நன்றாக இல்லை ஐயா. நீங்கள் சொன்ன பேஸ் எங்கே இருக்கிறது? என் கைப்பேசியில் ‘சக் சக்’ என்று கித்தார் மட்டும்தான் கேட்கிறது.

பதில்: மேலே உள்ள பதிலைப் பாருங்கள். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் ஒலிபெருக்கியால் அதைத் தொடவே முடியாது. சவுண்ட் சிஸ்டத்துக்காகவே செய்த இசை இது. மெட்டு பேஸில் இருக்கிறது, கித்தார் தாளத்துக்கு வேலி கட்டுகிறது, அவ்வளவுதான்.

கருவி கிடைத்ததும் தாளத்தைக் கவனியுங்கள். ‘ஒன் டிராப்’ என்ற நடையில் நான்கு எண்ணிக்கையின் முதல் அடி காலி. கிக் டிரம்மும் ஸ்னேரின் விளிம்புத் தட்டும் மூன்றாவதில் சேர்ந்து விழும். எடுப்பு தள்ளி வரும் கீர்த்தனைக்குத் தொடையில் தட்டிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். மற்றவர்களுக்கு முதலில் கால் தடுமாறும், பிறகு விடாது. 1970-களின் நடுவில் சேனல் ஒன் கூடத்தில் ஸ்லை டன்பார் இந்தக் காலியிடத்தை நிரப்பி டிரம்ஸை முன்னே ஓடவிட்டார். மைட்டி டயமண்ட்ஸ் குழுவின் ‘ரைட் டைம்’ கேட்டால் வித்தியாசம் விளங்கும்.

கேள்வி: நான் பள்ளி இசை ஆசிரியை. இவர்கள் முறையாக இசை கற்றவர்களா, கேள்வி ஞானமா?

பதில்: இரண்டும் உண்டு, அம்மா. கிங்ஸ்டனில் ஆல்ஃபா பள்ளி என்று ஒன்று. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய, ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி. அதன் பேண்டு வாத்தியக் குழுவில் ஊதப் பழகிய பையன்கள்தான் பின்னாளில் ரெகேயின் முன்னோடிகளான ஸ்கடலைட்ஸ் குழுவின் முதுகெலும்பு: டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர். அங்கே பல பத்தாண்டுகள் அவர்களை வளர்த்தவர் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ். அவரே பெரிய இசைத்தட்டு சேகரிப்பாளர். பையன்களுக்குத் தட்டு போட்டுக் காட்டிய கன்னியாஸ்திரீ. உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வெவ்வேறு பாடகர்களின் பாட்டுகளில் அச்சு மாறாமல் ஒரே பின்னணி இசை வருகிறது. இது திருட்டு இல்லையா?

பதில்: அந்தப் பின்னணிக்குப் பெயர் ‘ரிடிம்’. ஜமைக்காவில் அதற்குத் தனிப் பெயர், தனி ஆயுள். 1967-இல் தயாரிப்பாளர் காக்ஸன் டாட்டின் ஸ்டுடியோ ஒன்னில் சவுண்ட் டைமென்ஷன் குழு ‘ரியல் ராக்’ என்ற வாத்திய இசையைப் பதிந்தது. கூர்மையாகக் குத்தும் அந்த டிராம்போன் வின் கார்டன் ஊதியது. அவரும் மேற்சொன்ன ஆல்ஃபா பையன்தான். சுமார் பத்தாண்டு கழித்து அதே ரிடிம் மேல் வில்லி வில்லியம்ஸ் ‘ஆர்மகிடியன் டைம்’ பாடினார். அதை 1979-இல் லண்டனின் கிளாஷ் குழு எடுத்துப் பாடியது. இடையிலும் பிறகும் அதன் மேல் பாடியவர்களைப் பட்டியலிட்டால் இந்தப் பக்கம் போதாது.

கலையாகப் பார்த்தால் திருட்டு இல்லை. ஒரே ரிடிமில் ஐந்து பேர் பாடும்போது ஒவ்வொருவரும் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே தாமதிக்கிறார் என்று ஒப்பிட முடிகிறது. நான் ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஒரே ரிடிமைக் கேட்டு வீட்டாரின் வசையை வாங்கியவன். காசு என்று வந்தால் உங்கள் சொல்லை மறுக்க முடியாது. பெரும்பாலும் வாசித்தவருக்குக் கிடைத்தது அன்றைய கூலி மட்டும். ரிடிம் தயாரிப்பாளரின் சொத்து. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

கேள்வி: கிங் டப்பி, லீ பெரி. யார் பெரியவர்?

பதில்: வம்புக்கு இழுக்கிறீர்கள். சரி, சொல்கிறேன். டப்பி கழிப்பவர், பெரி சேர்ப்பவர். தயாரிப்பாளரான பெரி தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய பிளாக் ஆர்க் கூடத்தில் இருந்ததும் நான்கு தட நாடாக் கருவிதான். தடம் நிரம்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி எழுதி, காலியான தடங்களில் மேலும் அடுக்குவார். ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் ஓர் அடுக்கு கூடும். அந்த இரைச்சலையே அவர் ஈரமாக, புகைமூட்டமாக மாற்றிவிட்டார். நடுவில் மாடு கத்தும், தொலைக்காட்சிக் குரல் பேசும். காங்கோஸ் குழுவுக்காக அவர் செய்த ‘ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்’, 1977, எனக்கு இந்த இசையின் உச்சம். மனிதர் 2021-இல் மறைந்தார்.

ஆனாலும் என் ஓட்டு டப்பிக்கு. இருப்பதை எடுப்பதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

கேள்வி: பழைய அசல் தட்டுகளைத் தேடி வாங்க வேண்டுமா?

பதில்: ஆசை இருந்தால் வாங்குங்கள், காதுக்காக வாங்க வேண்டாம். ஜமைக்காவில் அழுத்திய 45-களில் பல பிறக்கும்போதே இரைச்சலோடு பிறந்தவை. நடுத்துளை பெரிது, தனி அடாப்டர் வேண்டும். சிலவற்றில் துளையே நடுவில் இருக்காது, சுருதி ஆடும். சவுண்ட் சிஸ்டங்கள் பயன்படுத்திய டப்பிளேட் இன்னும் மோசம்: மென்மையான பூச்சு, ஊசி படப்பட ஒலி தேய்ந்துகொண்டே போகும். மறுபதிப்பு போதும். இங்கிலாந்தின் பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் 1990-களில் கொண்டுவந்தவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் சொன்ன காங்கோஸ் இசைத்தட்டு இன்று பேசப்படுவதே அவர்கள் 1996-இல் அதை மீட்டுக் கொடுத்ததால்தான்.

கேள்வி: கம்ப்யூட்டர் வந்ததும் ரெகே செத்துவிட்டது என்கிறார் என் தந்தை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: 1985-இல் கிங்ஸ்டனில் பல வாத்தியக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’. டிரம்ஸ், பேஸ் எல்லாமே கேசியோ எம்.டி-40 என்ற சிறிய கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் தயார்நிலைத் தாளம். அதை அந்தக் கருவிக்காக உருவாக்கியவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம் ஜப்பானியப் பெண். ஜமைக்காவில் அந்தத் தாளத்தின் வேகத்தைக் குறைத்து, தயாரிப்பாளர் கிங் ஜாமி தட்டாக்கினார். ஆள் வைத்து வாசித்துப் பதியும் செலவு இல்லை என்றதும் மற்றவர்களும் அந்தப் பக்கம் ஓடினார்கள். பேஸ் கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது. உங்கள் தந்தையின் வருத்தத்தில் காரணம் இருக்கிறது.

ஆனால் இந்த ஜாமி யார்? டப்பியின் கூடத்தில் பல ஆண்டுகள் பலகையில் உட்கார்ந்து தொழில் கற்றவர். சீடன் இப்படிச் செய்ததும் டப்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதே ஆண்டு தன் புதிய கூடத்தில் ஆண்டனி ரெட் ரோஸ் என்ற இளைஞரை வைத்து ‘டெம்போ’ என்று ஒரு தட்டு போட்டார். முழுக்க இயந்திரத் தாளம்தான். கொடூரமாகக் காலியான, இருட்டான பாட்டு. தந்தையை அருகில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் திட்டினால் என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.