வெளிநாட்டுச் சம்பளம், உள்ளூர் வரி: மஞ்சக்குப்பம் ஆடிட்டர் பதில்கள்

நெல்லிக்குப்பம் வாசகர்: போன அக்டோபர் 5 அன்று துபாய் வேலைக்குக் கிளம்பினேன். அங்கே வரி இல்லை. இங்கே கட்டணுமா?

இந்தியாவில் இருந்த நாளை ஏப்ரல் 1-லிருந்து எண்ணுங்க, தம்பி. செப்டம்பர் முடியவே 183 நாள். அக்டோபர் அஞ்சையும் சேர்த்தால் 188. வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியருக்குக் கணக்கு 182. அதைத் தொட்டுட்டா அந்த வருஷம் முழுக்க நீங்க 'ரெசிடென்ட்', அதாவது வரிக் கணக்கில் இங்கே குடியிருக்கிறவர். மார்ச் வரை துபாயில் வாங்கின சம்பளமும் இங்கே வருமானம்தான். செப்டம்பர் 28-ல் விமானம் ஏறியிருந்தா 181 நாளோடு தப்பிச்சிருப்பீங்க. ஆயுத பூஜை பார்த்துட்டுப் போன்னு வீட்டில் சொல்லியிருப்பாங்க. அந்தப் பொரிகடலைக்கு விலை கொஞ்சம் கூடிப்போச்சு.

பண்ருட்டி வாசகர்: மகன் குவைத்திலிருந்து அனுப்பும் பணத்துக்கு எனக்கு வரி உண்டா?

இல்லைங்க. அதை டெபாசிட் போட்டால் வரும் வட்டிக்குத்தான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகர்: அப்பா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், பிரெஞ்சு பாஸ்போர்ட். 15 வருஷமா இங்கேதான். அவருக்கு இங்கே வரியே கிடையாதுதானே?

பாதி சரி. 1992-ல் இரு நாடும் போட்ட ஒப்பந்தப்படி, அரசுப் பணிக்கான பென்ஷனுக்கு பிரான்ஸ்தான் வரி போடும். ஆனா பாஸ்போர்ட் எந்த நிறமானாலும், ஆள் இங்கே குடியிருந்தா மற்ற உலக வருமானம் எல்லாம் இங்கே வரிக் கணக்கில் வந்தாகணும். பிரான்ஸ் வங்கி வட்டி உள்பட.

திட்டக்குடி வாசகர்: தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்துக்கு...

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதேதான்.

முத்தியால்பேட்டை வாசகர் (மறுபடி): எங்க தெருவில் யாருமே பிரான்ஸ் கணக்கை இங்கே காட்டுறதில்லையே, சார்!

தெரு காட்டாததால் சட்டம் மாறிடுமா? ரெசிடென்ட்டுக்கு வெளிநாட்டுக் கணக்கு இருந்தா, வரி வராட்டாலும் ரிட்டர்ன் போட்டு அதில் காட்டணும். மறைச்சா 2015-ம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம். இதை நான் எத்தனை வருஷமா கத்துறேன்!

பரங்கிப்பேட்டை வாசகர்: சவுதியில் இருக்கேன். ஊரில் பழைய சேவிங்ஸ் கணக்குதான். அது போதுமா?

அதை என்ஆர்ஓ-வா, அதாவது வெளிநாட்டில் இருக்கிறவங்க உள்ளூர் வருமானத்துக்கு வைக்கிற கணக்கா மாத்துங்க. அங்கேயிருந்து அனுப்புற சம்பளத்துக்குத் தனியா என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் மேல்வரியும் பிடிச்சுட்டுத்தான் தருவாங்க.

சிதம்பரம் வாசகர்: மாமனார் கத்தாரிலிருந்து பணம்...

மூணாவது தடவை. வரி இல்லை!

முத்தியால்பேட்டை வாசகர்: அப்பா கேட்கச் சொன்னார். பாரிஸ் கணக்கில் 300 யூரோதான் இருக்காம். அதையுமா?

2024 அக்டோபரிலிருந்து, வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தா அந்த அபராதம் இல்லை. காட்டுறது? அதையும்தான்.